விலை சொல்லாத நெல்

முப்பது ரூபாய் என்ற கதை, நெல் வியாபாரி கச்சு முகம்மதுவின் மாட்டுவண்டில்கள் ஒட்டுசுட்டான் சந்திக்கு வந்து சேரமுன்னமே குடியேற்றத்துக்குள் வந்துவிட்டது. ஒரு புசல் விதைநெல் முப்பது ரூபாய். கேட்டவர்கள் எல்லோரும் வாயில் கைவைத்தார்கள். கமலாசனி கைவைக்கவில்லை. அவளுக்கு வாயைத் திறந்துதான் பழக்கம்.

"அறுவான்," என்றாள். "சூறாவளி கொண்டுபோனது காணாதெண்டு மிச்சத்தைக் கொண்டுபோக இவன் வாறான்."

சூறாவளி அடித்தது அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில். கூரைகள் போனது ஒருபுறம் இருக்கட்டும். குளக்கட்டு உடைந்து, ஐப்பசியில் விதைத்து முழங்கால் உயரம் வந்து நின்ற பயிர் அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது. வீட்டில் வைத்திருந்த நெல்லும் நனைந்து பழுதாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு ஒரேயொரு வழிதான் மிச்சம். ஈரம் காயமுன்னம், தை முடியமுன்னம், மூன்று மாதத்தில் விளைகிற நெல்லாகப் பார்த்து விதைத்துவிட வேண்டும். அந்த நெல்லுக்கு எங்கே போவது?

மற்றவர்களுக்கு இது ஒரு போகத்துக் கவலை. கமலாசனிக்கு அப்படியில்லை. புருஷன் சின்னராசா வயற்காவல் கொட்டிலில் யானையிடம் அகப்பட்டுச் செத்த வருஷம் அவளால் வயலில் கால் வைக்க முடியவில்லை. மூன்று ஏக்கரும் பற்றையாய்க் கிடந்தது. குடியேற்றக் கந்தோர் அதிகாரி ஐயா வந்து பார்த்துவிட்டு, "பயிர் செய்யத்தான் அரசாங்கம் காணி தந்தது. இன்னொரு போகம் இப்பிடிக் கிடந்தால் காணிப் பேர்மிற்றை வெட்டி வேறை ஆளுக்குக் குடுப்பம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இந்த முறை உழுதாள், விதைத்தாள், வெள்ளம் கொண்டுபோனது. வெள்ளத்தை ஐயா ஒரு நியாயமாக எடுப்பாரோ மாட்டாரோ, ஆருக்குத் தெரியும்? வயலில் பச்சையாய் ஏதும் நின்றால்தான் காணி அவளுக்கு. இல்லையென்றால் பெற்ற இரண்டு பெட்டைகளையும் கூட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். எல்லாம் ஆறு புசல் நெல்லில் வந்து நின்றது.

இந்தப் பக்கத்தில் விதைநெல்லை ஒருவரும் விற்பதில்லை. விற்றால் வீட்டு இலட்சுமி எழும்பிப் போய்விடுவாள் என்று பயம். இல்லாதவன் கடகப் பெட்டியோடு போவான், இருக்கிறவன் அளந்து கொடுப்பான், விலை என்ற சொல்லே அங்கே வராது. அறுத்துச் சூடு மிதித்த பிறகு ஒன்றுக்கு ஒன்றரையாய்த் திருப்பி அளக்க வேண்டும். அதற்குப் பெயர் உதவி. கொடுத்தவருக்கு ஊரில் மரியாதை, கோயிலில் முதல் விபூதி. ஐந்து மாதத்தில் ஒன்று ஒன்றரையாகிறது என்ன வட்டி என்று எந்த மடையனும் கேட்டதில்லை.

அப்படிக் கொடுக்கிறவர்களில் பெரிய ஆள் வீரகத்தியர். கரவெட்டியிலிருந்து முதல் வந்த குடியேற்றக்காரர், பயிர்ச்செய்கைக் குழுவுக்குத் தலைவர். அவருடைய வீட்டு வளவு மேட்டில் இருந்தது. நெல்லுக் கொம்பறை ஆளுயரக் கால்களில் நின்றதால் ஒரு மணிகூட நனையவில்லை. கமலாசனி வெள்ளம் வடிந்த கையோடு கடகத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"பாப்பம் பிள்ளை, பாப்பம். எல்லாருக்கும் பிரிக்கவேணும். நீ அவசரப்படாதை," என்றார் வீரகத்தியர். அதற்குமேல் கேட்கிறது அழகில்லை. அவள் வெறுங்கடகத்தோடு வந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் தண்ணீரூற்று வியாபாரி கச்சு முகம்மது நெல்லோடு வருகிறார் என்று கதை வந்தது. காதுத் தோட்டையும் இரண்டு ஆட்டையும் விற்றால் முப்பது ரூபாய்ப்படி ஆறு புசல் வாங்கலாம் என்று கமலாசனி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். முடியும். முடியும் என்றதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. தோடு சின்னராசா முதல் விளைச்சலில் செய்து போட்டது. அதை ஒரு வியாபாரி கணக்குப் பண்ணி வைத்து உருவிக்கொண்டு போகிறதா?

கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். வவுனியாவிலிருந்து விலைக்கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் ஜீப்பில் வந்திருந்தார். விதைநெல்லுக்குக் கட்டுப்பாட்டு விலை பதினாலு ரூபாய் என்று அரசாங்க அதிபரின் கச்சேரி ஏற்கெனவே அறிவித்திருந்தது.

"ஆபத்து நேரத்திலை விலையை ஏத்தவிட்டால் காசு உள்ளவன் விதைப்பான், இல்லாதவன் வரம்பிலை நிண்டு பாப்பான்," என்றார் தில்லைநாதன். "அப்பிடி நடக்கக் கூடாதெண்டுதான் சட்டம் போட்டிருக்கு." நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் யோகலிங்கம் எழும்பினார். பேராதனையில் பொருளாதாரம் படித்தவர், ஊருக்குப் புதிது. "ஐயா, மரம் விழுந்து கிடக்கிற காட்டு வழியாலை பதினாலு ரூபாய்க்கு ஆர் நெல்லுக் கொண்டு வருவான்? முப்பது விக்குதெண்டு கேள்விப்பட்டால் இன்னும் நாலு பேர் கொண்டு வருவினம். விலை தன்ரை பாட்டிலை இறங்கும்."

"அந்த நாலு பேரும் எப்ப வருவினம் வாத்தியார்?" கமலாசனி இருந்த இடத்தில் இருந்தே கேட்டாள். "பங்குனியிலையோ? அதுமட்டும் வயல் காயாமல் உங்களைப் பாத்துக்கொண்டு கிடக்குமோ?"

"அரசாங்க நெல் மட்டும் நாளைக்கு வருமோ?" என்றார் யோகலிங்கம்.

"எழுதியிருக்கிறம்," என்றார் தில்லைநாதன்.

"எழுதினதை விதைக்கலாமோ ஐயா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். வாத்தியார் அத்தோடு இருந்திருக்கலாம். மனிசன் இருக்கவில்லை. முன்வரிசை வாங்கில் இருந்த வீரகத்தியர் பக்கம் திரும்பினார். "அண்ணை, கோவிக்காதையுங்கோ. உங்கடை கொம்பறையிலை கிடக்கிற நெல்லுக்கு இந்த வருஷம் என்ன விலை?"

அந்தக் கூட்டத்தில் கேட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அதுதான். அதற்குத்தான் ஊர் அவரை 'கூ' என்று கத்திக் கூப்போட்டது. முதல் கூப்போட்டவள் கமலாசனி.

"அவர் விக்கிற ஆளோ? அவர் குடுக்கிற ஆள்," என்று எழும்பினாள். "மாதம் முடியச் சம்பளம் எடுக்கிற உங்களுக்கு முப்பது ரூபாய் ஒரு கதை. வெள்ளத்திலை செத்துக் கிடக்கிறவளின்ரை தோட்டைக் கழட்டுறவனுக்கும் கச்சு முகம்மதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கோ பாப்பம்?"

கைதட்டு அடங்க நேரமெடுத்தது. சின்னராசா செத்த பிறகு ஊர் அவளைப் பாவம் என்று பார்த்ததே ஒழிய ஒரு ஆளாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள். வாத்தியார் கச்சு முகம்மதுவின் கைக்கூலி என்று அன்று பின்னேரமே முடிவாகிவிட்டது.

கூட்டம் கலைய, வீரகத்தியர் அவளைத் தனியே கூப்பிட்டார். இன்ஸ்பெக்டரும் நின்றார்.

"விக்கிற நேரத்திலை கையும் மெய்யுமாய்ப் பிடிச்சால்தான் வழக்கு நிக்கும் அம்மா," என்றார் தில்லைநாதன். "நான் அடையாளம் போட்ட காசு தருவன். நீங்கள் போய் ஒரு புசல் வாங்கவேணும். ஆம்பிளையள் போனால் அவர் உசாராயிடுவார்."

"பிடிச்ச நெல்லை என்ன செய்வியள் ஐயா?"

"அது கோட்டிலை நீதவான் சொல்லவேணும்..." தில்லைநாதன் இழுத்தார்.

"கோடு என்னத்தைச் சொல்லுறது? பதினாலு ரூபாய்ப்படி எங்களுக்குத்தான் பிரிப்பினம்," என்று வீரகத்தியர் இடையில் விழுந்தார். "முதல் ஆறு புசல் உனக்குப் பிள்ளை. அதுக்கு நான் பொறுப்பு."

இன்ஸ்பெக்டர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கமலாசனி வீரகத்தியருடைய முகத்தைத்தான் பார்த்தாள். ஊருக்கு நெல் கொடுத்த முகம். போதாதா?

அடுத்தநாள் காலையில் சந்திக்குப் போனாள். பாலைமரத்துக்குக் கீழே மூன்று வண்டில்கள் நின்றன. நாலாவது பேராற்றில் போய்விட்டதாம், நெல்லோடும் ஒரு மாட்டோடும். கச்சு முகம்மதுவின் முகமெல்லாம் காட்டு முள் கீறிக் கிடந்தது. அவர் முளைக்கப்போட்ட நெல்லைச் சிரட்டையோடு அவளிடம் நீட்டினார்.

"பாருங்க தங்கச்சி, ஒண்டும் பழுதில்லை. மதவாச்சிப் பக்கத்திலை சிங்களக் கமக்காரரிட்டைக் கெஞ்சி மண்டாடி வாங்கினது."

"விலையைக் குறையுங்கோ நானா," என்று முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் கேட்டாள்.

"குறைக்க மாட்டன்." ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை. "வண்டில் போச்சு, மாடு போச்சு, வண்டில்காரருக்கு இரட்டைக் கூலி. அதுக்கு மேலையும் எனக்கு மிஞ்சும், இல்லையெண்டு சொல்லமாட்டன். மிஞ்சாட்டி நான் ஏன் இந்தக் காட்டுக்குள்ளாலை வாறன்?"

பொய்ச் சத்தியம் பண்ணுவார், பிள்ளைகுட்டியைச் சொல்லி அழுவார் என்று நினைத்து வந்தவளுக்கு இது எரிச்சலாய் இருந்தது. இப்படி நேரே சொல்கிறவனை எந்த வாயால் திட்டுகிறது? பேசாமல் மூன்று பத்து ரூபாய்த் தாளையும் நீட்டினாள்.

"ஒரு புசல் காணுமோ?" காசை மடித்தபடி கேட்டார். "இன்னும் வேணுமெண்டால் சொல்லுங்க, அஞ்சு புசலைப் புறம்பா எடுத்து வைக்கிறன். பின்னேரம் மட்டும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். காசைப் புரட்டிக்கொண்டு வாங்க. ஆனா விலை இதுதான்."

கமலாசனியின் கை தன்பாட்டில் தோட்டுக்குப் போனது. வாங்கலாம். இந்த நிமிஷமே கழற்றிக் கொடுத்தால் பின்னேரம் வயலில் விதைக்கலாம். காசைத் திருப்பித் தாங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். தேத்தண்ணிக் கடைக்குப் பின்னாலிருந்து தில்லைநாதனும் இரண்டு பொலிஸ்காரரும் அதற்குள் வந்துவிட்டார்கள்.

கச்சு முகம்மது காசைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீரோ?" என்றார். அதுவரைக்கும் அவளை வாங்க, சொல்லுங்க என்று கதைத்த மனிசன்.

ஊர் கொண்டாடியது. வீரகத்தியர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நெல் மூட்டைகள் லொறியில் ஏறி முல்லைத்தீவுக்குப் போயின. "எங்களுக்குப் பிரிக்கேல்லையோ ஐயா?" என்று லொறிக்குப் பின்னால் ஓடிய கமலாசனியிடம், "இது இப்ப வழக்குச் சாமான் அம்மா" என்றார் தில்லைநாதன். "ஒரு கிழமையிலை வரும்," என்றார் வீரகத்தியர்.

கிழமை போனது. அடுத்த கிழமையும் போனது. கச்சு முகம்மது குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அப்புக்காத்து வைத்து வழக்காடினார், தவணை தள்ளிப்போனது. அரசாங்க நெல்லைக் கண்டவர் இல்லை. காட்டுவழியால் வரப்போவதாகச் சொன்ன வேறு இரண்டு வியாபாரிகள், கச்சுவின் கதையைக் கேட்டுவிட்டு மாங்குளத்தோடு திரும்பிவிட்டார்கள். வயலில் ஈரம் மேலால் காய ஆரம்பித்தது.

கமலாசனி முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினாள். கோட்டுக்குப் பின்னால் உள்ள களஞ்சியத்தின் தகரத்தைச் சூறாவளி பிய்த்துக்கொண்டு போயிருந்தது. தையில் ஒருநாள் பெய்த மழை உள்ளே இறங்கியிருந்தது. சாக்கின் தையலுக்குள்ளால் வெள்ளை வெள்ளையாய் முளை வெளியே வந்து நின்றதைக் கம்பிக்குள்ளால் பார்த்தாள். எந்தக் கல்லும் கரையும். ஐயோ, நல்ல நெல். சிரட்டையில் காட்டின அதே நெல். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் வைத்து அழுதாள்.

"கோட்டு உத்தரவு இல்லாமல் ஒரு மணியும் வெளியிலை எடுக்க ஏலாது," என்றார் அங்கே நின்ற தில்லைநாதன்.

"முளைக்குது ஐயா, பாருங்கோ."

"தெரியும் அம்மா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்து என்ன செய்கிறது?

திரும்பி வந்து நேரே வீரகத்தியர் வளவுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே பாதிக் குடியேற்றம் கடகத்தோடு நின்றது. அவள் முறை வந்தது. வீரகத்தியர் கதிரையில் இருந்து வெற்றிலையை மடித்தபடி ஆதரவாய்க் கேட்டார்.

"உனக்கு ஆறு புசல் என்ன பிள்ளை? தரலாம். ஆனால் நீ தனிப் பொம்பிளை. மாடும் இல்லை, ஆளும் இல்லை. நெல்லைத் தந்து, அதுவும் பிழைச்சால் உனக்குத்தானே கஷ்டம். நான் ஒண்டு செய்யிறன். என்ரை மாடு, என்ரை நெல், என்ரை ஆக்கள். உன்ரை வயலை நானே செய்யிறன். மூண்டு போகம். விளையிறதிலை ரெண்டு பங்கு எனக்கு, ஒண்டு உனக்கு. பேர்மிற்றிலை பேர் உன்ரைதான் இருக்கும். கந்தோர் ஐயா கேட்டால் நீ செய்யிறாயெண்டே சொல்லு."

கமலாசனி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான், ஆனால் மூன்று போகத்தில் மூன்று ஏக்கர் என்ன தரும் என்று தெரியாதவளில்லை. ஆறு புசலுக்கு அதில் இரண்டு பங்கும் போகிறது. "அண்ணை, வழமை ஒண்டுக்கு ஒண்டரை தானே?"

"வழமையான காலமோ பிள்ளை இது?"

"கச்சு நானாவும் அதைத்தானே சொன்னவர். அவர் முப்பது ரூபாயோடை விட்டவர். நீங்கள் சொல்லுற விலை..."

"விலையோ?" வீரகத்தியர் உண்மையாகவே நொந்துபோனார். வெற்றிலையைக் கீழே வைத்தார். "நான் உன்னட்டை விலை ஏதும் சொன்னனானே? எங்கடை பரம்பரையிலை விதைநெல்லை வித்த ஆள் இல்லை. உனக்கு உதவி செய்வமெண்டு பாத்தால்... விருப்பமில்லாட்டி விடு பிள்ளை. அங்காலை நிக்கிற ஆளை வரவிடு."

பின்னால் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பெரிய மனிசனிடம் இப்படியா கதைக்கிறது? வெள்ளத்துக்கு முன் இந்த மனிசர்தான் ஒன்றுக்கு ஒன்றரை கேட்டவர் என்று அவர்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லையா, அல்லது நினைவு வந்தும் கடகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்களா? அவரவர் வயிறு அவரவருக்கு. கமலாசனி சரியென்று தலையாட்டினாள்.

சாட்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுக்க வந்த தில்லைநாதனிடம் அவள் இதைச் சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கடிதத்தை மடித்து விரித்தார். "வித்தால்தான் அம்மா நான் பிடிக்கலாம். இது விற்பனை இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் செய்யிற உதவி எண்டு சொல்லுவினம். உதவிக்குக் கட்டுப்பாட்டு விலை இல்லை."

"அப்ப உங்கடை சட்டம் ஆருக்கு ஐயா?"

அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மாசியில் கந்தோர் ஐயா வந்தார். மூன்று ஏக்கரும் பச்சையாய் நின்றது. "பொம்பிளையாய் இருந்தும் நல்லாச் செய்திருக்கிறியள்," என்றார். வீரகத்தியர் பக்கத்தில் நின்று சிரித்தார். "ஓம் ஐயா," என்றாள் கமலாசனி. "அண்ணைதான் உதவி." காணி தப்பியது. கடுதாசியில் தப்பியது.

வழக்கு மாசி கடைசியில் முடிந்தது. கமலாசனி கூண்டில் ஏறி, காசு கொடுத்ததையும் நெல் வாங்கினதையும் சொன்னாள். கச்சு முகம்மதுக்குத் தண்டம் அடித்தார்கள். மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதற்குள் இருந்தது புழுத்துக் கறுத்த சக்கை. கோழியும் தின்னாது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் தனியே நின்றார். கமலாசனிக்கு அவர் முகத்தில் முழிக்க வெட்கமாய் இருந்தது. ஆனாலும் போனாள். அடுத்த வருஷமும் ஒரு வெள்ளம் வரும், ஒரு வரட்சி வரும். ஆரிடமாவது கேட்டுவைக்க வேண்டுமே.

"நானா, நான் செய்தது பிழை."

"காசைத் தந்தீர், நெல்லைத் தந்தன். பிழை என்ன இருக்கு?" குரலில் உறைப்பு இருந்தது.

"இனியும் நெல் கொண்டு வருவியளோ?"

"கொண்டு வருவன். ஏன் வராமல்?" கச்சு முகம்மது தொப்பியைக் கழற்றி உதறிப் போட்டுக்கொண்டார். "ஆனா இனி விக்க மாட்டன். முட்டாள்தான் விப்பான். உங்கடை வீரகத்தியர் செய்யிற மாதிரிக் குடுத்து வாங்கப் போறன். விலையே சொல்ல மாட்டன். எந்த இன்ஸ்பெக்டர் வருவான்? உங்கடை ஊர்ச் சனமும் மரியாதையா நடத்தும்." அவளை ஏற இறங்கப் பார்த்தார், வியாபாரி பார்க்கிற பார்வை. "உமக்கும் வேணுமெண்டால் தரலாம். வயல் எவ்வளவு கிடக்கு?"

"மூண்டு ஏக்கர்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "இப்ப வீரகத்தியர் செய்யிறார். இன்னும் ரெண்டு போகம் கிடக்கு."

"அப்ப உம்மட்டை என்ன இருக்கு, தங்கச்சி?"

அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, சக்கை மூட்டைகளை ஏற்ற வண்டில் பிடிக்கப் போய்விட்டார்.

ரோட்டில் ஒட்டுசுட்டான் பஸ் வந்து நின்றது. வழக்குப் பார்க்க வந்த வீரகத்தியர் முன்சீற்றில் இருந்து தலையை நீட்டினார்.

"கெதியா ஏறு பிள்ளை. நாளைக்கு உன்ரை வயலிலை களை பிடுங்க வேணும், ஆள் காணாது. நீயும் பெட்டையளும் வந்தால் மூண்டு பேருக்கும் கூலி போடுறன்."

"எத்தினை மணிக்கு வரவேணும் அண்ணை?" என்று கேட்டுக்கொண்டு கமலாசனி ஏறினாள்.